பிராசசருக்கு ஏற்றபடி லினக்ஸ் பேக்கேஜை மறுபடி கம்பைல் செய்தபின் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சேலத்தில் பழைய கம்ப்யூட்டரை வைத்தே தொழிலை ஓட்டுகிறவர்கள் ஏராளம். அம்மாபேட்டையில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர், செவ்வாய்பேட்டையில் மண்டிக் கணக்கு எழுதுகிறவர், ஏற்காட்டில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுக்கிறவர், யாருக்குமே புது மெஷின் என்பது சட்டென்று எடுக்கும் முடிவு இல்லை. இருக்கிற மெஷினிடமே இன்னும் கொஞ்சம் வேலை வாங்க முடியுமா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. சில மென்பொருள்களில் முடியும்.

காரணம் இதுதான். டெபியன் என்ற லினக்ஸ் தரும் 64 பிட் பேக்கேஜ்கள் (நிறுவத் தயாராக வரும் மென்பொருள் பொட்டலங்கள்) 2003-இல் ஏஎம்டி கொண்டுவந்த முதல் ஆப்டெரானிலும் ஓட வேண்டும் என்ற கணக்கில் கம்பைல் ஆகின்றன, அதாவது சோர்ஸ் என்ற மூல நிரலிலிருந்து பிராசசர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றப்படுகின்றன. பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் இன்ஸ்ட்ரக்ஷன்களில் (பிராசசருக்கான அடிப்படைக் கட்டளைகளில்) அந்தச் சிப்புக்கு எஸ்எஸ்இ2 வரைதான் தெரியும். 2013-இல் இன்டெலின் ஹாஸ்வெல்லோடு வந்த ஏவிஎக்ஸ்2, ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் எட்டு 32 பிட் எண்களைக் கூட்டிவிடும். அது உங்கள் பிராசசரில் இருந்தாலும், பல பேக்கேஜ்கள் அதைத் தொடாமலே ஓடிக்கொண்டிருக்கும். சோர்ஸை இறக்கி, நம் பிராசசர் இன்னது என்று கம்பைலருக்குச் சொல்லி மறுபடி கம்பைல் செய்தால் அந்தச் சக்தி வேலைக்கு வரும். சரியாகச் செய்யவில்லை என்றால் கீழே வரும் கோளாறுகளில் ஏதாவது ஒன்று வரும்.

கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கம்பைல் செய்த மெஷின் எது, ஓடப்போகிற மெஷின் எது? நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டும் வேறு வேறாக இருந்ததால் வந்தவை. ஓடப்போகிற மெஷினில் ‘எல்எஸ்சிபியு’ கொடுத்து, ஃபிளாக்ஸ் வரியை (பிராசசருக்குத் தெரிந்தவற்றின் பட்டியல்) அப்படியே ஒரு ஃபைலில் சேமித்து வையுங்கள். அந்த வரியில் எஸ்எஸ்இ3 என்று தேடினால் கிடைக்காது. ‘பிஎன்ஐ’ என்ற பழைய பெயரில் இருக்கும். எல்இசட்சிஎன்டி என்ற இன்ஸ்ட்ரக்ஷன் ‘ஏபிஎம்’ என்ற பெயரில் இருக்கும். இதைத் தெரியாமல் “என் சிப்பில் எஸ்எஸ்இ3 இல்லை” என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இத்தனை ஃபிளாக்குகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதில்லை. 2020-இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே நான்கும் சேர்ந்து இவற்றைப் படிநிலைகளாகப் பிரித்துவிட்டன. வி1 என்பது அந்த ஆப்டெரான் நிலை. வி2-வில் எஸ்எஸ்இ4.2 வரை உண்டு. 2008-இன் நெஹலெம் முதல் இந்த நிலை. வி3-இல் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ2 எல்லாம் வரும். ஹாஸ்வெல்லும் 2017-இன் முதல் ரைசனும் இதில் அடக்கம். வி4 என்றால் ஏவிஎக்ஸ்-512. ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை லைப்ரரி, அதாவது புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) 2.33-ஓ அதற்குப் பிந்தியதோ இருக்கிற மெஷினில், ‘எல்டி-லினக்ஸ்’ லோடரை ‘--ஹெல்ப்’ போட்டு ஓட்டினால், எந்தப் படிநிலைக்கு ‘சப்போர்டட்’ என்று கடைசியில் காட்டிவிடும். ஜிசிசி என்ற கம்பைலரின் 11-ஆம் பதிப்பு முதல் இந்தப் பெயர்களையே, எந்தப் பிராசசருக்கு என்று சொல்லும் ‘-மார்ச்’ ஃபிளாக்குக்குக் கொடுக்கலாம்.


அறிகுறி: திறந்தவுடன் மூடிக்கொள்கிறது, டெர்மினலில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’

அதிகமாக வருவது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஏற்காட்டில் படம் எடுக்கிற தம்பி ஒருவர் ராதெரபி வைத்திருக்கிறார். கேமராவின் ரா ஃபைல்களைக் கழுவி எடுக்கும் மென்பொருள் அது. சேலத்தில் ரைசன் மெஷினில் கம்பைல் செய்த பதிப்பைப் பென் டிரைவில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே கொண்டுபோய்ப் போட்டதும் போன் வந்தது. “அண்ணா, ஐகானைத் தொட்டா ஒரு நொடி வந்துட்டு மூடிக்குதுங்க. எரர் எதுவுமே காட்டலீங்க.”

ஐகானைத் தொட்டால் எரர் தெரியாது. டெர்மினலில் பெயரை அடித்து ஓட்டினால்தான் தெரியும். ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று வந்தால் பொருள் ஒன்றுதான்: பிராசசருக்குத் தெரியாத ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் அதன் கைக்குப் போயிருக்கிறது, உடனே கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த புரோகிராமை நிறுத்திவிட்டது. உங்கள் ஃபைலோ செட்டிங்கோ கெடவில்லை, பயப்பட வேண்டாம்.

அடுத்து, கெர்னலின் பதிவுகளைக் காட்டும் ‘டிமெசேஜ்’ (டி-எம்-இ-எஸ்-ஜி) பாருங்கள். ‘டிராப் இன்வேலிட் ஆப்கோட்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியின் கடைசியை விட்டுவிடாதீர்கள்: எந்த ஃபைலுக்குள் விழுந்தது என்று அங்கேதான் இருக்கும். புரோகிராமின் பெயரே இருந்தால் புரோகிராமை மாற்றினால் போதும். ஒரு லைப்ரரியின் பெயர் இருந்தால், குற்றவாளி அந்த லைப்ரரி. புரோகிராமை எத்தனை தடவை கம்பைல் செய்தாலும் கோளாறு போகாது. ‘டிபிகேஜி -எஸ்’ (பெரிய எழுத்து ‘எஸ்’) கொடுத்து அந்த லைப்ரரி எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்து, அதன் அசல் பதிப்பை, பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடியின் ‘--ரீஇன்ஸ்டால்’ மூலம் திரும்பப் போடுங்கள்.

எந்த இன்ஸ்ட்ரக்ஷன் என்று பார்த்துவிட்டால் சந்தேகமே இருக்காது. ‘ஜிடிபி’ என்ற பிழை தேடும் கருவி வழியாக புரோகிராமை ஓட்டி, விழுந்த இடத்தில் ‘எக்ஸ்/ஐ $பிசி’ என்று அடியுங்கள். ஒரே வரி வரும். அதில் ‘இசட்எம்எம்’ என்ற ரிஜிஸ்டர் (பிராசசருக்குள் எண்களை வைக்கும் இடம்) இருந்தால் ஏவிஎக்ஸ்-512. ‘ஒய்எம்எம்’ என்றால் ஏவிஎக்ஸ் அல்லது ஏவிஎக்ஸ்2. ‘எக்ஸ்எம்எம்’ இருந்து, இன்ஸ்ட்ரக்ஷன் பெயர் ‘வி’ என்று தொடங்கினால் அதுவும் ஏவிஎக்ஸ் குடும்பம்தான். இப்போது சேமித்து வைத்த ஃபிளாக்ஸ் வரியைத் திறந்து, அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லை என்றால், எங்கிருந்து வந்தது? நான்கு வழிகள் உண்டு.

முதலாவது, ‘-மார்ச்=நேட்டிவ்’. இந்த ஃபிளாக் கம்பைல் நடக்கும் மெஷினைத்தான் பார்க்கும். நாளை எங்கே ஓடப்போகிறது என்று அதற்குத் தெரியாது. ராதெரபியின் சிமேக் (கம்பைலை அமைத்துத் தரும் கருவி) அமைப்பில் ‘ப்ராக்_டார்கெட்_நம்பர்’ என்பதற்கு 2 கொடுத்தாலும் இதே நேட்டிவ்தான். தம்பியின் லேப்டாப்புக்கு ஏவிஎக்ஸ் வரைதான் தெரியும், ஏவிஎக்ஸ்2 தெரியாது. எனவே அவருக்கு வி2. படிநிலையை வெளிப்படையாகச் சொல்லி மறுபடி கம்பைல் செய்து அனுப்பினால் ஓடிவிடும். வேறொரு மெஷினுக்கு அனுப்புகிற எதிலும் நேட்டிவ் போடவே கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

இரண்டாவது, தலைமுறைப் பெயரை நம்பி ஏமாறுவது. “இது ஸ்கைலேக் தலைமுறை” என்று தெரிந்ததும் ‘-மார்ச்=ஸ்கைலேக்’ கொடுத்துவிடுகிறோம். ஆனால் அதே தலைமுறையில் பென்டியம், செலரான் பெயரில் விற்ற விலை குறைந்த சிப்புகளில் ஏவிஎக்ஸே கிடையாது. நம் ஊர்க் கடைகளில் அசெம்பிள் செய்த மெஷின்களில் இந்தச் சிப்புகள் நிறைய. நேட்டிவ் என்று அதே மெஷினில் கொடுத்தால் ஜிசிசி தானாகவே ஏவிஎக்ஸை விலக்கிவிடும். பெயரைச் சொன்னால் விலக்காது.

மூன்றாவது, விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு மெஷின். அதை ஓட்டும் கியூஎம்யுவின் இயல்பான பிராசசர் மாடல், உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு ஏவிஎக்ஸைக் காட்டாது. வெளியே ஓடுவது உள்ளே விழுந்தால், பிராசசர் மாடலை ‘ஹோஸ்ட்-பாஸ்த்ரூ’ என்று மாற்றுங்கள்.

நான்காவது, ராஸ்பெர்ரி பை என்ற சிறிய ஏஆர்எம் கம்ப்யூட்டர். ஏஆர்எம் சிப்பில் ‘-மார்ச்’சைவிட ‘-எம்சிபியு’ கொடுப்பதே சரி. பை 4-இன் கார்டெக்ஸ்-ஏ72-இல் ஏஇஎஸ் குறியாக்க இன்ஸ்ட்ரக்ஷன்கள் இல்லை, பை 5-இல் உண்டு. பை 5-இல் கம்பைல் செய்து பை 4-க்குக் கொடுத்தால் விழுவதற்கு இது போதும்.

கோ மொழியில் எழுதிய மென்பொருள் மட்டும் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ‘கோஏஎம்டி64=வி3’ என்று கம்பைல் செய்ததைப் பழைய மெஷினில் ஓட்டினால், வி3 பிராசசர் வேண்டும் என்று தெளிவாகவே சொல்லிவிட்டு நிற்கும்.

ஒரே பென் டிரைவில் எல்லா மெஷினுக்கும் லைப்ரரி கொண்டுபோக வேண்டுமா? அதற்கு அருமையான வழி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ஜிலிப்சி 2.33 முதல், லைப்ரரி இருக்கும் டைரக்டரிக்குள் ‘ஜிலிப்சி-ஹெச்டபிள்யூகேப்ஸ்’ என்று ஒன்றைப் போட்டு, அதற்குள் படிநிலையின் பெயரில் இன்னொரு டைரக்டரி போடலாம். வி3 பதிப்பு லைப்ரரியை அதில் வையுங்கள். வி3 தெரிந்த மெஷின் அதை எடுத்துக்கொள்ளும், தெரியாதது வழக்கமான பழைய இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அசல் பேக்கேஜில் கை வைக்கவே வேண்டாம்.

ஜிலிப்சியையே மறுபடி கம்பைல் செய்து போட நினைத்தால், வேண்டாம். அது தவறான படிநிலையில் போய் உட்கார்ந்தால், ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கூட ஓடாது. அதில் கிடைக்கக்கூடிய லாபமும் குறைவு. ஏன் என்று கீழே வருகிறது.


அறிகுறி: எரர் இல்லை, ஆனால் விடை மாறுகிறது அல்லது டெஸ்ட் தோற்கிறது

கடைசி ஓரிரு தசம இலக்கம் மட்டும் மாறினால் பெரும்பாலும் எஃப்எம்ஏ. பெருக்கிக் கூட்டும் கணக்கைச் சாதாரணமாகச் செய்தால் பெருக்கியபின் ஒரு முறை, கூட்டியபின் ஒரு முறை என்று இரண்டு தடவை இலக்கம் வெட்டப்படும். எஃப்எம்ஏ இரண்டையும் ஒரே மூச்சில் செய்து ஒரு தடவைதான் வெட்டும். விடை இன்னும் துல்லியமானதுதான், ஆனால் பழைய விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் டெஸ்ட் தோற்றுவிடும். ஜிசிசி இதை இயல்பாகவே அனுமதிக்கும். ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ என்று சேர்த்துப் பாருங்கள். டெஸ்ட் தேறிவிட்டால் காரணம் அதுதான். கணக்கு, ஆய்வு, அளவை சம்பந்தப்பட்ட மென்பொருளுக்கு அந்த ஃபிளாக்கை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

‘-ஓஃபாஸ்ட்’ போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது, வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்கும் ‘ஃபாஸ்ட்-மேத்’தையும் கூட இழுத்து வரும். ஜிசிசி 13-க்கு முந்திய பதிப்புகளில், அப்படிக் கட்டிய ஒரு லைப்ரரியை ஏற்றினாலே அந்த புரோகிராம் முழுக்க மிகச் சிறிய எண்கள் சுழியமாகிவிடும். எங்கோ ஒரு ஒலி லைப்ரரியில் வைத்த ஃபிளாக், சம்பந்தமே இல்லாத கணக்கைக் கெடுக்கும்.

விடை சற்று மாறாமல் முற்றிலும் தாறுமாறாக வந்தால், விஷயம் கவலைக்குரியது. எல்இசட்சிஎன்டி என்ற இன்ஸ்ட்ரக்ஷன் ஒரு எண்ணின் முன்னால் எத்தனை சுழியம் இருக்கிறது என்று எண்ணும். அது தெரியாத ஐவி பிரிட்ஜ் போன்ற சிப்பில், விழுவதற்குப் பதிலாக அது பிஎஸ்ஆர் என்ற வேறு இன்ஸ்ட்ரக்ஷனாக ஓடிவிடும். 1 என்ற 32 பிட் எண்ணைக் கொடுத்தால் எல்இசட்சிஎன்டி 31 என்று சொல்ல வேண்டும். பிஎஸ்ஆர் 0 என்று சொல்லும். எரர் வராது, டிமெசேஜில் ஒரு வரி வராது. வி3-இல் கம்பைல் செய்ததைப் பழைய மெஷினில் ஓட்டும்போது இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் வந்தால் நல்லதென்றே நினைத்துக்கொள்ளுங்கள். எரரே இல்லாமல் இப்படி ஓடிவிட்டால் கெட்ட கணக்கை நம்பி வேலை நடந்துகொண்டிருக்கும். ஃபிளாக்ஸ் வரியில் ‘ஏபிஎம்’ இல்லாத மெஷினில் வி3 பேக்கேஜ் எதையும் வைக்காதீர்கள்.


அறிகுறி: ‘டெப்-எஸ்ஆர்சி’ இல்லை என்று ஏபிடி மறுக்கிறது

சோர்ஸ் களஞ்சியம் இயக்கத்தில் இல்லை. உபுண்டு 24.04-இல் ‘உபுண்டு.சோர்சஸ்’ ஃபைலில் ‘டைப்ஸ்’ வரியில் ‘டெப்’புக்குப் பக்கத்தில் ‘டெப்-எஸ்ஆர்சி’ சேர்த்து, ஏபிடி அப்டேட் கொடுங்கள். பிறகு, கம்பைலுக்குத் தேவையானவற்றைப் போடும் ‘பில்ட்-டெப்’, அப்புறம் ‘சோர்ஸ்’.


அறிகுறி: கம்பைல் பாதியில் நிற்கிறது, ‘கில்ட்’ என்று ஒரு சொல்

ரேம் போதவில்லை. கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கிறது. சி++ சோர்ஸ் என்றால் ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்குப் போடுங்கள். 8 ஜிபி மெஷினில் எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் விட்டால் இப்படித்தான் ஆகும். ‘டெப்_பில்ட்_ஆப்ஷன்ஸ்’ மாறியில் ‘பேரலல்=3’ என்று குறையுங்கள், ஸ்வாப் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) சேருங்கள். எல்டிஓ (எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வைத்து மேம்படுத்தும் முறை) போட்டிருந்தால், துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டத்தில் ரேம் இன்னும் எகிறும். முதல் முயற்சியில் அதை விட்டுவிடுங்கள்.


அறிகுறி: ‘இன்டர்னல் கம்பைலர் எரர்’, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஃபைலில்

இடத்தைக் கவனியுங்கள். எப்போதும் ஒரே ஃபைலில், ஒரே வரியில் நின்றால் அது கம்பைலரின் பிழையாக இருக்கலாம். ஜிசிசியின் வேறு பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை இங்கே, அடுத்த தடவை அங்கே என்று மாறினால் கோளாறு வன்பொருளில். ஜிசிசியே சில சமயம், பிழை மறுபடி வரவில்லை, வன்பொருளோ இயங்குதளமோ காரணமாக இருக்கலாம் என்று எழுதிவிடும். அந்த வரியை நம்புங்கள்.

பெரிய சோர்ஸை கம்பைல் செய்வது, எல்லா கோரையும் மணிக்கணக்கில் நூறு சதவீதத்தில் ஓட வைக்கிற வேலை. பில் போடுகிற மெஷின் வருடக்கணக்கில் இப்படி உழைத்திருக்காது. அதனால் அதுவரை வெளியே தெரியாத ரேம் கோளாறும் சூடும் இன்று வெளியே வரும். சேலத்துச் சித்திரை வெயிலில், ஷீட் கூரைக் கடைக்குள், மேசைக்கு அடியில் திணித்த கேபினெட்டில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

‘சென்சார்ஸ்’ கட்டளையை இன்னொரு டெர்மினலில் ஓடவிட்டு கம்பைலைத் தொடங்குங்கள். பல இன்டெல் சிப்புகளில் 100 டிகிரியை நெருங்கும்போது வேகம் தானாகக் குறையும். டிமெசேஜில் ‘கிளாக் த்ராட்டில்ட்’ என்று பதிவாகும். அப்படி வந்தால் கேபினெட்டைத் திறந்து, ஃபேனிலும் ஹீட்சிங்க்கிலும் இருக்கிற தூசியைத் துடையுங்கள். தறி ஓடுகிற தெருக்களில் பஞ்சுத் தூசி ஹீட்சிங்க்கின் இடுக்கில் அட்டை மாதிரி படிந்திருக்கும். ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும். தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றுங்கள். அதுவரை இரவில் கம்பைல் செய்யுங்கள். இதே லேப்டாப்பை 1500 மீட்டர் உயரத்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக முடிக்கிறது, சேலத்தில் நிற்கிறது என்றால் சூடுதான் என்பதில் ஐயமே இல்லை.

சூடு சரியாக இருந்தும் எரர் வந்தால், ரேமைச் சோதிக்கும் ‘மெம்டெஸ்ட்86+’. ஒரு இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு எரர் காட்டினாலும் அந்த ரேமை மாற்றுங்கள். அதே ரேம்தான் நாளை உங்கள் கணக்கு ஃபைலையும் எழுதப்போகிறது.


அறிகுறி: கரண்ட் போய் வந்தபின் ‘ஃபைல் ஃபார்மட்’ அல்லது ‘ட்ரங்கேட்டட்’ எரர்

எழுதிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஃபைல் (கம்பைலின் இடைநிலை ஃபைல்) பாதியில் நின்றுவிட்டது. கம்பைலை நடத்தும் மேக் அதை முடிந்த வேலை என்று எண்ணித் தாண்டிவிடும், லிங்க்கரிடம் போய் மாட்டும். ‘ஃபைண்ட்’ கட்டளையில் அளவு 0 உள்ள ‘.ஓ’ ஃபைல்களைத் தேடி அழித்துவிட்டு, டிபிகேஜி-பில்ட்பேக்கேஜை ‘-என்சி’ போட்டுத் தொடருங்கள். அப்போதும் எரர் வந்தால் அது பெயர் சொல்லும் ஃபைலையும் அழியுங்கள். கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் ‘சிகேஷ்’ முன்பே போட்டு வைத்திருந்தால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கினாலும் நேரம் அவ்வளவாகப் போகாது.


அறிகுறி: கம்பைல் ஆனது, ஓடுகிறது, ஆனால் வேகத்தில் மாற்றமே இல்லை

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் வரிசையாகப் பாருங்கள்.

நீங்கள் கொடுத்த ஃபிளாக் கம்பைலருக்குப் போய்ச் சேர்ந்ததா? டெபியன் முறையில் ‘டெப்_சிஃபிளாக்ஸ்_அப்பெண்ட்’, ‘டெப்_சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ்_அப்பெண்ட்’ இரண்டையும் கொடுக்க வேண்டும். முதலாவது சி மொழிக்கு, இரண்டாவது சி++ மொழிக்கு. ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம். ‘டிபிகேஜி-பில்ட்ஃபிளாக்ஸ்’ ஓட்டினால் என்ன சேர்ந்திருக்கிறது என்று காட்டும். சில பேக்கேஜ்களின் மேக்ஃபைல் தன் சொந்த ஃபிளாக்கை எழுதி வைத்திருக்கும், நம்முடையதை மதிக்காது. ‘வி=1’ அல்லது ‘வெர்போஸ்=1’ கொடுத்து, லாகில் கம்பைலரின் முழு வரியை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். சிமேக் என்றால் பழைய பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய ஃபிளாக்குகளை அது கேஷில் பிடித்து வைத்திருக்கும். ரஸ்டுக்கு வழி தனி: ‘ரஸ்ட்ஃபிளாக்ஸ்’ மாறியில் ‘டார்கெட்-சிபியு’.

ஃபிளாக் போயிருந்தாலும், வெக்டார் கோட் (பல எண்களை ஒரே தடவையில் கையாளும் கோட்) உருவானதா? இங்கே பலர் கோட்டைவிடுகிறார்கள். ஜிசிசி 12 முதல்தான் ‘-ஓ2’ என்ற வழக்கமான மேம்படுத்தும் நிலையிலேயே லூப்களை வெக்டாராக மாற்றும், அதுவும் அளவாக. உபுண்டு 22.04-இல் இருப்பது ஜிசிசி 11. அதில் வி3 கொடுத்து ‘-ஓ2’வோடு நிறுத்தினால் ஏவிஎக்ஸ்2 வெறுமனே உட்கார்ந்திருக்கும், ‘-ஓ3’ வேண்டும். சரிபார்க்க ‘ஆப்ஜ்டம்ப் -டி’ எடுத்து, ‘ஒய்எம்எம்’ எத்தனை வரியில் வருகிறது என்று பழைய பைனரிக்கும் புதியதற்கும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏறவில்லை என்றால் கம்பைலர் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. உண்மையான வேலை லைப்ரரியில் நடந்தால் லைப்ரரியைத்தான் எண்ண வேண்டும்.

மூன்றாவதுதான் பெரும்பாலும் உண்மை: அந்த மென்பொருளுக்கு இது தேவையே இல்லை. வீடியோவுக்கான எஃப்எஃப்எம்பெக், எக்ஸ்264, குறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல், கணிதத்துக்கான ஓபன்பிளாஸ் எல்லாம் ஓடத் தொடங்கும்போதே பிராசசரைப் பார்த்து, அதற்கென்று கையால் எழுதிய கோடைத் தேர்ந்துகொள்கின்றன. தமிழ் அச்சுப் பக்கங்களை எழுத்தாக்கும் டெசராக்டும் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும். ஜிலிப்சியில் மெம்காப்பி போன்றவையும் அப்படியே. அதனால்தான் மேலே வேண்டாம் என்றேன். இவற்றை மறுபடி கம்பைல் செய்து பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். லினக்ஸ் கெர்னலும் அப்படித்தான்: சில தனி இடங்களைத் தவிர அதன் கோடு எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸ் எதையும் தொடாமல் கம்பைல் ஆவது.

ஆகவே கை வைக்கும் முன் ‘பெர்ஃப் டாப்’ ஓட்டி, நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். டிஸ்க்கிலிருந்து படிப்பதற்கே நேரம் போகிறது என்றால் கம்பைலரால் ஆவது எதுவும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே மெஷின் பறக்கும். புரோகிராமின் சொந்த லூப்பில் நேரம் போகிறது, தசம (ஃப்ளோட்டிங் பாயிண்ட்) எண்களில் கணக்கு நடக்கிறது, ஓடும்போது தேர்ந்துகொள்ளும் ஏற்பாடு அதில் இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால் தாராளமாகச் செய்யுங்கள். அளக்கும்போது ஒரே ஃபைல், ஒரே மெஷின், பிராசசர் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னர் ‘பெர்ஃபார்மன்ஸ்’. மதியம் ஒன்றையும் இரவு ஒன்றையும் அளந்து ஒப்பிட்டால் வெயிலைத்தான் அளந்திருப்பீர்கள்.


அறிகுறி: முன்பைவிட மெதுவாகிவிட்டது

‘-ஓ3’ கோடைப் பெரிதாக்கும். பிராசசரின் கேஷுக்குள் அடங்காமல் போனால் வேகம் குறையும். ‘-ஓ2’வுக்குத் திரும்பிப் பாருங்கள். முதல் இரண்டு ஜென் தலைமுறை ரைசன்களில் பிடெப், பெக்ஸ்ட் என்ற பிஎம்ஐ2 இன்ஸ்ட்ரக்ஷன்கள் மைக்ரோகோடில் நடப்பதால் மிக மெதுவு. 2020-இன் ஜென் 3-இல்தான் சரியானது. ஸ்டாக்ஃபிஷ் செஸ் மென்பொருளை அந்த ரைசனில் ஓட்டுகிறவர்கள் பிஎம்ஐ2 பதிப்பை விட்டு ஏவிஎக்ஸ்2 பதிப்பை எடுப்பது இதனால்தான். ஸ்கைலேக் சர்வர் சிப்புகளில் ஏவிஎக்ஸ்-512 ஓடும்போது கிளாக் குறைந்து, பக்கத்தில் ஓடும் வேலையும் தாமதமாகும். அங்கே வி3-யோடு நிறுத்துங்கள்.

எதையும் உடைக்காமல் கொஞ்சம் முயன்று பார்க்க வேண்டும் என்றால் ‘-எம்ட்யூன்’ மட்டும் கொடுங்கள். அது புதிய இன்ஸ்ட்ரக்ஷன் எதையும் நுழைக்காது, இருப்பவற்றை நம் சிப்புக்கு ஏற்ற வரிசையில் அடுக்கும், அவ்வளவுதான்.


அறிகுறி: கம்பைல் வேலையைப் பல மெஷின்களுக்குப் பகிரும் டிஸ்ட்சிசி போட்டும் பக்கத்து மெஷின்கள் சும்மா இருக்கின்றன

ஃபிளாக்கில் ‘நேட்டிவ்’ இருக்கும். ஒவ்வொரு மெஷினிலும் அதற்கு வேறு பொருள் என்பதால் டிஸ்ட்சிசி வேலையை வெளியே அனுப்பாமல் உள்ளேயே முடித்துக்கொள்ளும். படிநிலைப் பெயரைக் கொடுங்கள்.


அறிகுறி: அப்கிரேட் செய்ததும் நம் பேக்கேஜ் காணாமல் போய்விட்டது, அல்லது அப்கிரேடே வருவதில்லை

பதிப்பு எண்ணை மாற்றாமல் விட்டால், ஏபிடி களஞ்சியத்தில் இருப்பதை நம்முடையதன் மேல் போட்டுவிடும். அதனால் கம்பைல் செய்யும் முன்பே ‘டிசிஹெச் --லோக்கல்’ கொடுத்து ஒரு பின்னொட்டுச் சேர்க்க வேண்டும். எல்லோரும் ஆசையாக ஊர்ப் பெயரையோ தன் பெயரையோ வைப்பார்கள். டெபியனில் ‘1.2-3’ என்ற பேக்கேஜுக்கு ‘+சேலம்1’ என்று ஆங்கில எழுத்தில் சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும்போது அதன் பெயர் ‘1.2-3+டெப்12யு1’ என்ற வடிவில் வரும். டிபிகேஜி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஆங்கில அகரவரிசையில் ‘டி’க்குப் பின்னால்தான் ‘எஸ்’. ஆகவே சேலம்தான் புதியது என்று முடிவாகி, பாதுகாப்புத் திருத்தம் சத்தமில்லாமல் ஒதுக்கப்படும். பிரவுசர், பிடிஎஃப், பட லைப்ரரி போன்றவற்றில் இது ஆபத்து.

பின்னொட்டைக் கூட்டல் குறி இல்லாமல் ஆங்கில ‘ஏ’ என்று மட்டும் வையுங்கள், ‘1.2-3ஏ1’ என்று ஆகும். இது அசலைவிடப் புதியது, டெபியனின் திருத்தத்தைவிடவும் உபுண்டு சேர்க்கும் ‘உபுண்டு0.1’ வகையைவிடவும் பழையது. அதனால் திருத்தம் தடையில்லாமல் வந்து சேரும். சந்தேகமாக இருந்தால் ‘டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ்’ கொடுத்து இரண்டு பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

திருத்தம் வந்து நம்முடையதை நீக்கிவிட்டால், புதிய சோர்ஸை எடுத்து அதே ஃபிளாக்கில் மறுபடி கம்பைல் செய்யுங்கள். அதற்காகவே, எந்த பேக்கேஜ், எந்தப் படிநிலை, என்னென்ன ஃபிளாக், எந்த மெஷினுக்கு என்று ஒரு ஃபைலில் எழுதி, அதே பென் டிரைவில் போட்டு வையுங்கள். ‘ஏபிடி-மார்க் ஹோல்ட்’ போட்டு நிறுத்துவதாக இருந்தால் இணையத்தைத் தொடாத மெஷினில் மட்டும் போடுங்கள்.